மாரித் தவளை ஓதிய பாடம்

முரசுமோட்டை, பரந்தன், கண்டாவளைப் பகுதிக் கோயில்களின் பரிபாலன சபையாருக்கும் அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



பொழுதுபட்ட பிறகு உரத்துப் பாடம் படிக்கும் பிள்ளையிடம் "ஏன் மாரித் தவளை மாதிரிக் கத்துறாய்?" என்று கேட்காத வீடு வன்னியில் குறைவு. கார்த்திகை மழை வயலில் தரித்துவிட்டால் பரந்தன் - முல்லைத்தீவு வீதியின் இரு பக்கமும் அந்தக் கச்சேரிதான். ஒரு தவளை எடுத்துக் கொடுக்கும். அடுத்தது அதை வாங்கிச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் முரசுமோட்டை முழுவதும் ஒரே பாடத்தை ஒப்புவித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஏச்சுக்கு வயது மூவாயிரம் ஆண்டு என்றால் சிரிப்பு வரலாம். இருக்கு வேதத்தின் 7-ஆம் மண்டலத்தில் 103-ஆம் பாடல் முழுக்க முழுக்கத் தவளைகளைப் பற்றியது. வசிட்டர் பெயரில் வழங்குகிறது. வருடம் முழுக்கச் சத்தமின்றிக் கிடந்த தவளைகள் மழை விழுந்ததும் குரலெடுக்கின்றன. ஒன்று சொல்வதை மற்றது திருப்பிச் சொல்கிறது, ஆசிரியர் சொல்வதைக் கற்கிறவன் திருப்பிச் சொல்வது போல, என்று அந்தப் பாடல் போகிறது. அந்தணரைக் கேலி செய்யும் பாடல் என்றார்கள் சில அறிஞர்கள். மழை வேண்டிப் பாடியது என்றார்கள் வேறு சிலர். எப்படி எடுத்தாலும் அதற்குள் ஒரு வகுப்பறை இருக்கிறது. சுவர் இல்லை, ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. ஒரு வாய், ஒரு காது, மறுபடி ஒரு வாய். இந்து சமயத்தின் ஓதல் மரபு எப்படித் தொடங்கியது என்று கேட்பவருக்கு அந்த மரபுக்குள்ளிருந்தே கிடைக்கும் மிகப் பழைய படங்களில் இது ஒன்று.

இந்த மடலுக்குக் காரணம் தவளை அல்ல, ஒலிபெருக்கி. விடிய 5 மணிக்கு ஊர்க்கோயில் கூம்புக் குழாயில் பாட்டு எழும்புகிறது. பாடுவது பென்ட்ரைவ். மாலைப் பூசையில் பஞ்சபுராணம் பாட ஆள் தேடி வாசலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேடிக் கிடைக்காவிட்டால் அதையும் பென்ட்ரைவே பாடிவிடுகிறது. சுருதி பிசகாது, சொல்லும் பிசகாது, சம்பளமும் இல்லை. பிறகு ஏன் குறை சொல்ல வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் யாராவது கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருப்பது நல்லது.

கதை தொடங்குவது பஞ்சாபின் ஆற்றுப் படுகைகளில். கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலம் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கணிப்பு. தீ வளர்த்து, நெய்யும் சோமமும் சொரிந்து, தேவரை அழைக்கும் சடங்கில் பாட்டுக் கட்டுவது சில குடும்பங்களின் தொழில். கிருத்சமதர், விசுவாமித்திரர், வாமதேவர், அத்திரி, பரத்துவாசர், வசிட்டர் என்ற ஆறு குடிகளின் சேர்மானங்களே இருக்கு வேதத்தின் 2 முதல் 7 வரையான மண்டலங்கள். முன்னும் பின்னும் மற்றவை சேர்ந்து 10 மண்டலம், 1,028 பாடல், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மந்திரம் என்று ஆனது. காணி உறுதியைக் காப்பது போல ஒவ்வொரு குடியும் தன் பாட்டைக் காத்தது. பாட்டுக் கட்டியவர்களில் பெண்களும் உண்டு. கோஷா, அபாலா என்ற பெயர்களை மரபே குறித்து வைத்திருக்கிறது. பின்னாளில் பெண் வாயில் வேதம் வரக்கூடாது என்று விதித்தவர்கள் இந்தப் பெயர்களையும் சேர்த்துத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள்.

வேர் இன்னும் பின்னே போகிறது. ஈரானின் பழைய சமய நூலான அவெஸ்தாவில் வேள்வி ஓதுபவர் சவோதர், வேதத்தில் ஹோதர். அங்கே ஹவோமம், இங்கே சோமம். அங்கே மந்த்ர, இங்கே மந்திரம். இரு மக்களும் பிரியுமுன் ஒரே தீயைச் சுற்றி இருந்து ஓதியவர்கள். அவெஸ்தாவும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாயிலேயே வாழ்ந்தது. சாசானிய அரசர் காலத்தில் அதை எழுத முற்பட்டபோது, இருந்த எழுத்து அந்த ஒலிகளுக்குப் போதாமல் புதிதாக ஓர் எழுத்து முறையையே உண்டாக்க வேண்டி வந்தது.

இங்கே எழுத மறுத்தார்கள். எழுத்துத் தெரியாததால் அல்ல. அசோகர் கல்லில் வெட்டிய கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகும் வேதம் ஏட்டில் ஏறவில்லை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யிசிங், வேதம் வாயிலிருந்து வாய்க்குப் போகிறது, தாளிலோ இலையிலோ எழுதப்படுவதில்லை என்று குறித்தார். 1030 அளவில் எழுதிய அல்பிரூனி, காசுமீரத்து வசுக்கிரர் என்ற அந்தணர் சற்று முன்னர்தான் துணிந்து வேதத்தை எழுத்தில் வைத்தார் என்கிறார். மறதியில் அழிந்துவிடுமோ என்ற பயமே காரணமாம். புனேயின் பண்டார்கர் நிறுவனத்தில் உள்ள இருக்கு வேதச் சுவடிகள் முப்பதை 2007-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் மிகப் பழையது 1464-ஆம் ஆண்டுக்குரியது. பாட்டுக்கும் அந்தச் சுவடிக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு. அதில் பெரும்பகுதியை வாய்தான் கடந்தது.

தமிழருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மறை என்ற சொல்லே போதும். குறுந்தொகையின் 156-ஆம் பாட்டில் காதல் நோயில் இருக்கும் ஒருவன் பார்ப்பன நண்பனிடம், எழுதப்படாத உன் கல்வியில் பிரிந்தவரைச் சேர்க்கும் மருந்து ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறான். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்றின் அளவுக் கணக்கு அந்தணர் மறையில் உள்ளது, இங்கே சொல்லப்படுவது வெளியில் கேட்கும் எழுத்தின் இலக்கணம் மட்டும் என்று கோடு போட்டுப் பிரித்துவிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ அந்தணர் வீட்டுக் கிளி மறை ஒலியைப் பழகுகிறது! கிளி சொன்னாலும் சத்தம் சரியாகத்தான் இருக்கும். அந்தக் கிளியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

சரி, எழுதாமல் எப்படிக் காத்தார்கள்? வேத நினைவாற்றல் என்றதும் தெய்வ அருள் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில் அது ஒரு பொறியமைப்பு. நெல் மூட்டையை வண்டியில் ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை எண்ணுவது போன்ற கணக்கு. முரசுமோட்டை வயலில் இருந்தே நான்கு சொல் எடுத்துப் பார்க்கலாம்: மாரி மழை வயல் நிறைக்கும்.

இதைப் புணர்ச்சியோடு சேர்த்து இசையாகச் சொன்னால் சங்கிதை பாடம். புணர்ச்சியை உடைத்து ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னால் பத பாடம். இருக்கு வேதத்துக்கு இதைச் செய்து வைத்தவர் சாகல்லியர். அடுத்தது கிரமம்: மாரி மழை, மழை வயல், வயல் நிறைக்கும். ஒவ்வொரு சொல்லும் முன்னதோடும் பின்னதோடும் கைகோத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே சடை: மாரி மழை, மழை மாரி, மாரி மழை, மழை வயல், வயல் மழை, மழை வயல். தலைப்பின்னல் போல முன்னும் பின்னும் போவதால் அந்தப் பெயர். உச்சியில் இருப்பது கனம்: மாரி மழை, மழை மாரி, மாரி மழை வயல், வயல் மழை மாரி, மாரி மழை வயல். பிறகு ஒரு சொல் நகர்ந்து மழையிலிருந்து மறுபடி இதே சுற்று. கன பாடத்தில் நடுவில் வரும் ஒவ்வொரு சொல்லும் 13 தடவை வாயில் வருகிறது. இப்படிப் பின்னும் வகைகள் எட்டு என்று மரபு எண்ணுகிறது. கனத்தை முடித்தவர் கனபாடி.

இதில் நுட்பம் எங்கே என்றால், பின்னோக்கிச் சொல்லும்போது பொருள் அறுந்துபோகிறது. மறந்துபோன சொல்லை நம் மூளை பொருளை வைத்து ஊகித்து ஒட்டுப்போடும். தேவாரம் பாடும்போது எல்லோரும் செய்வதுதான். 'வயல் மழை மாரி' என்பதில் ஒட்டுப்போட வழியே இல்லை. தெரிந்தால் வரும், தெரியாவிட்டால் நிற்கும். பிழை உடனே பிடிபடும். புணர்ச்சி விதி வேறு ஒவ்வொரு திருப்பத்திலும் மாறும்; முன்னே போனபோது இரட்டித்த மெய் திரும்பி வரும்போது இரட்டிக்காது. இலக்கணம் முழுவதும் நாக்கில் இருந்தாலொழிய ஒருவர் கனம் சொல்ல முடியாது.

சொல்லோடு முடியவில்லை. ஒவ்வோர் அசைக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்று வடமொழியில். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று தமிழ் இலக்கணத்தில். இந்த ஏற்ற இறக்கம் பிசகினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அருமையானது. மகனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்கத் துவட்டா வேள்வி செய்கிறான். இந்திர சத்துரு வளர்க என்று ஓத வேண்டும். அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் 'இந்திரனைக் கொல்பவன்'. முதல் அசையில் விழுந்தால் 'இந்திரனால் கொல்லப்படுபவன்'. துவட்டா முதல் அசையை அழுத்திவிட்டான். தீயிலிருந்து விருத்திரன் வந்தான், மலைபோல வளர்ந்தான், இந்திரனிடமே செத்தான். தைத்திரீய உபநிடதத்தின் சிக்ஷாவல்லி எழுத்து, சுரம், மாத்திரை, அழுத்தம், சீர்மை, தொடர்ச்சி என்று ஆறு பாடத்தைத் தொடக்கத்திலேயே வைத்ததன் காரணம் விளங்கும். உங்கள் கோயில் சங்காபிஷேகத்தில் குருக்கள் சொல்லும் ஸ்ரீருத்திரமும் சமகமும் அந்தத் தைத்திரீயக் கிளையின் சங்கிதையிலிருந்து வருபவைதான். நமசிவாய என்ற ஐந்தெழுத்து அந்த ருத்திரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை அவர் குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கவனித்துக் கேளுங்கள். அது அவரது சொந்த இராகமல்ல.

கேரளத்து நம்பூதிரிகளிடம் இந்தப் பயிற்சி தலையையும் கையையும் சேர்த்து நடக்கும். ஆசிரியர் பிள்ளையின் தலையைப் பிடித்துச் சுரத்துக்கு ஏற்ப மேலும் கீழும் அசைப்பார். உடம்புக்குப் பாடம் ஏறிவிட்டால் பிறகு வாய் தடுமாறாது. கடவல்லூர் கோயிலில் திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு ஓத்துச் சபைகள் எதிரெதிரே அமர்ந்து பிழை பிடிக்கும் போட்டிக்கு அன்னியோன்னியம் என்று பெயர். 1975 ஏப்ரலில் பாஞ்ஞாள் என்ற ஊரில் இவர்கள் நடத்திய 12 நாள் அக்கினிசயன வேள்வியை ஒல்லாந்து அறிஞர் பிரிட்ஸ் ஸ்டால் முழுவதுமாகப் பதிவு செய்தார். வேத ஓதலை யுனெஸ்கோ 2003-இல் மானுடத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆயிரத்துக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் கிளைகளில் மிஞ்சியவை 13 என்பது அதே அமைப்பின் கணக்கு.

2016-இல் வந்த ஓர் ஆய்வும் உங்களில் சிலர் கைத்தொலைபேசிக்கு வந்திருக்கும். வேதம் பயின்ற 21 பண்டிதர்களின் மூளையை மற்ற 21 பேரின் மூளையோடு ஒப்பிட்டதில் சில பகுதிகள் தடித்திருந்தன. உண்மைதான். இதை வைத்து மந்திரம் சொன்னால் மூளை வளரும் என்று துண்டுப்பிரசுரம் அடித்துவிட வேண்டாம். லண்டன் நகரத்துத் தெருக்களையெல்லாம் மனப்பாடம் செய்யும் டாக்சிச் சாரதிகளின் மூளையிலும் அப்படியொரு மாற்றம் 2000-ஆம் ஆண்டிலேயே காணப்பட்டது. வேலை செய்தது பயிற்சி.

இந்த அற்புதத்துக்கு ஒரு விலை இருந்தது. அதை மறைத்து எழுதினால் மடல் பொய்யாகும். பிழையின்றிக் காக்க வேண்டும் என்றால் கற்பவர் வட்டம் சிறிதாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். பெண்ணுக்கு இல்லை, உழைக்கும் சாதிக்கு இல்லை, காதில் விழுவதே குற்றம் என்ற இடம் வரை அது போனது. பொருளும் மெல்ல உதிர்ந்தது. யாசுகரின் நிருத்தம் என்ற வேதச் சொல்விளக்க நூலில் கௌத்சர் என்பவர் வந்து, மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிடுகிறார். யாசுகர் மறுக்கிறார். கி.மு. காலத்திலேயே அப்படியொரு வாதம் நடந்திருக்கிறது என்றால், பொருள் தெரியாமல் சத்தத்தை மட்டும் சுமந்தவர்கள் அன்றே நிறைய இருந்தார்கள் என்று அர்த்தம்.

தமிழ் ஓதல் இந்த இடத்தில் வேறு வழி பிடித்தது. மணிவாசகர் சிவபுராணத்தை முடிக்கும்போதே பொருள் உணர்ந்து சொல்பவருக்குத்தான் பலன் என்கிறார். பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவாருக்குக் கொடை இருக்கிறது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் வைத்தான். ஐம்பது பேருக்கும் நாளொன்றுக்கு நெல் அளந்தான். பெயர் பெயராகக் கல்லில் இருக்கிறது. சம்பளம் கொடுத்துப் பாட்டைக் காத்த முதல் பரிபாலன சபையாரில் அவனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இலங்கையில் இந்த மரபு எடுத்த வடிவம்தான் புராண படிப்பு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் 10,345 பாடல். காஞ்சியில் பிறந்த நூல், ஆனால் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் போல அதைக் கொண்டாடிய மண் வேறு இல்லை. கந்தபுராண கலாசாரம் என்றே இந்த வாழ்க்கை முறைக்குப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயர் வைத்தார். மண்டபத்தில் இருவர் அமர்வர். ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். வாசிப்பவர் பாட்டை ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை. பயன் சொல்பவர் எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சந்தி பிரித்து, சொல் சொல்லாகக் கொடுப்பார். சாகல்லியர் பத பாடத்தில் செய்த வேலையும் கிட்டத்தட்ட இதுதான். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் அங்கே சொல்லைப் பிரித்தது சத்தம் பிழைக்காமல் இருக்க. இங்கே பிரித்தது முன்வரிசையில் சாரத்தோடு இருக்கும் கமக்காரருக்கும் பின்னால் தூணோடு சாய்ந்திருக்கும் அவர் தாய்க்கும் விளங்க. எழுத வாசிக்கத் தெரியாத கிழவி சூரபன்மன் வாதத்தில் எந்த இடம் பிழை என்று எடுத்துச் சொன்னது இந்தப் பயனால்தான். எல்லாக் கதவும் திறந்திருந்தது என்று பெருமையடிக்கவும் முடியாது: மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போவதற்கே 1968-இல் போராட வேண்டியிருந்தது.

கந்தபுராணம் மட்டுமா? கார்த்திகைப் பூரணை கழிந்த மறுநாளிலிருந்து மார்கழிச் சட்டி வரை 21 நாள் வரதபண்டிதரின் பிள்ளையார் கதை. திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம். சித்திரைப் பூரணையில் சித்திரபுத்திரனார் கதை, பிறகு கஞ்சி. செத்த வீட்டில் உரலில் சுண்ணம் இடித்தபடி பாடும் திருப்பொற்சுண்ணம் 20 பாட்டு. உலக்கை விழும் தாளத்தில் அது வருவதால் பாடாதவர் வாயும் இரண்டாம் பாட்டில் சேர்ந்துகொள்ளும். அழுகைக்கு நடுவே மனப்பாடம் ஆவது அப்படித்தான்.

இன்னொரு வகை ஞாபகமும் வன்னியில் உண்டு. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரியும்போது சொல்லப்படும் கண்ணகி கதை, சிலம்பு கூறல், அரிவி வெட்டுப் பாட்டு, சூடு மிதிப்புப் பாட்டு. இவை சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. யூகோசுலாவியக் கதைப் பாடகரிடம் மில்மன் பரியும் அல்பேட் லோர்டும் கண்டது இதைத்தான்: பாடகர் மனப்பாடம் செய்வதில்லை, கையிருப்பில் உள்ள தொடர்களை எடுத்துப் பாடும் நேரத்திலேயே கட்டுகிறார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சங்கப் பாடல்களைப் படித்தவர் க. கைலாசபதி. 1968-இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்த அவரது நூல் இன்றும் சண்டைக்குரியது. சங்கப் புலவர் எழுதத் தெரிந்தவர்கள் என்று வாதிடுவோர் பலர். ஆனால் அவர் காட்டிய வேறுபாடு உதவும். வேதம் ஓர் எழுத்தும் அசையாமல் காக்கும் ஞாபகம். அரிவிப் பாட்டு ஒவ்வொரு வாயிலும் புதிதாகும் ஞாபகம். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் இரண்டாவது வகை முதலில் போய்விட்டது. சேர்ந்து வெட்ட ஆள் இல்லாத இடத்தில் யாருக்குப் பாடுவது?

வாய்வழி மரபு அறுந்துபோகும் விதம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. பௌத்தரின் பாளி நூல்களும் ஓதித்தான் காக்கப்பட்டன. கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் வட்டகாமணி அரசன் காலத்தில் போரும் பெரும் பஞ்சமும் வந்தன. பிக்குகள் இலைகளைத் தின்று, நிற்கப் பலமில்லாமல் படுத்தபடி ஓதினார்கள் என்று அவர்களது உரைநூல்கள் சொல்கின்றன. மகாநித்தேசம் என்ற நூலை அறிந்தவர் ஒரேயொரு பிக்கு என்ற நிலை வந்துவிட்டது. அதன் பிறகே மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதினார்கள். ஏடும் சாகாதது அல்ல. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை 97,000 வரையான நூல்களும் சுவடிகளும்.

2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் போரில் என்ன நடந்தது என்று முரசுமோட்டைக்காரருக்கு மடல் எழுதிச் சொல்லத் தேவையில்லை. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போன அந்த வீதியில் உழவு இயந்திரப் பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று தீர்மானித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். புராணப் புத்தகமும் வீட்டு ஏடும் விடப்பட்ட பக்கத்தில்தான் இருந்தன. சிவபுராணத்துக்குப் பெட்டியில் இடம் வேண்டியிருக்கவில்லை. செட்டிகுளத்து அகதி முகாம் கூடாரம் வரை அது வந்தது, வந்து சேர்ந்த ஆட்களோடு. வராதவர்களோடு அவர்கள் வாயில் இருந்தவையும் போய்விட்டன. பயன் சொல்லத் தெரிந்த ஒருவர் போனால் அவர் வைத்திருந்த விளக்கங்கள், ஊர்க்கதைகள், எந்தப் பாட்டுக்கு எந்த இராகம் என்ற கணக்கு எல்லாம் போயிற்று. அச்சுப் புத்தகத்தில் பாட்டு கிடைக்கும். அந்தக் கணக்கு கிடைக்காது.

இனி அந்தக் கிளிக்கு வருவோம். பென்ட்ரைவ் கெட்டதல்ல. ஓர் ஓதுவாரின் குரலைப் பதிந்து வைப்பது பெரிய உபகாரம்; உங்கள் பகுதியில் இன்னும் பயன் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே கைத்தொலைபேசியிலாவது பதிந்துகொள்ளுங்கள். கோளாறு எங்கே என்றால், கிளி ஓதும்போது யாரும் திருப்பிச் சொல்வதில்லை. முதல் தவளை மட்டும் கத்துகிறது. இரண்டாவதின் வாய் மூடியிருக்கிறது. மூவாயிரம் ஆண்டு ஓதல் முறையில் அடிப்படை வேலை இரண்டாவதின் வேலைதான்: கேட்டதைச் சொல்வது, பிழைப்பது, திருத்தப்படுவது, மறுபடி சொல்வது. ஒலிபெருக்கியால் ஒரு பிள்ளையின் பிழையைத் திருத்த முடியாது.

அறநெறி ஆசிரியர்கள் இதைப் படித்துச் சலிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம், அதற்குள் ரியூசனுக்கு ஓடும் பிள்ளைகள், பரீட்சைக்கு வேண்டிய வினாவிடை. அதில் எங்கே பத பாடமும் பயனும் என்று கேட்டால் நியாயம்தான். அதனால் கேட்கப்படுவது சிறிய காரியம். கனபாடிகளை உருவாக்கச் சொல்லவில்லை. பஞ்சபுராணத்தில் ஒரு பாட்டை எடுத்து, ஒரு பிள்ளை சொல் பிரித்து வாசிக்க, அடுத்த பிள்ளை தன் வாய்மொழியில் பயன் சொல்லட்டும். பயன் பிழையாக வரும். வரட்டும், மண்டபத்தில் இருக்கும் அம்மம்மா ஒருவர் "இல்லையப்பு, அது அப்பிடி இல்லை" என்று எழும்புவார். பெண்பிள்ளைகளை முதல் வரிசையில் வையுங்கள். கோஷாவுக்கும் அபாலாவுக்கும் கொடுக்க வேண்டிய கடன் ஒன்று நிலுவையில் இருக்கிறது.

சபையாரிடம் கேட்பது அதைவிட எளிது. வரும் கார்த்திகையில் பிள்ளையார் கதை தொடங்கும்போது பதிவை நிறுத்தி வையுங்கள். ஒலிவாங்கி இருக்கட்டும், அதன் முன்னால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு புத்தகம், பக்கத்தில் திருத்துவதற்கு ஒரு பெரியவர். கதை 21 நாள். ஊரில் 21 பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள்.